மூளை மாதிரிகள்: கட்டுவது யார், ஏற்பது யார்?

மூளையின் ஒரு பகுதியைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓடவிட்டால், அது மூளையைப் பற்றி எதையாவது சொல்கிறதா, எழுதியவரின் எண்ணத்தைத்தான் திருப்பிச் சொல்கிறதா? 1907இல் பாரிசில் லூயி லபீக், நரம்பின் மென்சவ்வை ஒரு கொள்ளளவியும் ஒரு தடையியும் சேர்ந்த மின்சுற்றாக எழுதிய காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. கிடைத்த விடைகள் பல. சில ஒன்றையொன்று மறுப்பவை. அவற்றின் வரலாற்றைப் புரட்டும்போது இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது: ஒரு மாதிரி செல்லும், செல்லாது என்று தீர்ப்புச் சொல்பவர் யார்? நடைமுறையில் அந்தத் தீர்ப்பு ஆய்விதழ்களின் கையில் இருக்கிறது. இந்த இரண்டு கேள்விகளையும் இரண்டு துறைகள் தனித்தனியே பேசிவருகின்றன. சேர்த்துப் பேசினால்தான் விளங்கும் என்பது இக்கட்டுரையின் எண்ணம்.

சேர்த்துப் பேசுவதற்கு இலங்கையின் சப்ரகமுவ மாகாணம் பொருத்தமான இடம். மூளை மாதிரி ஆய்வு நரம்பியலின் மலிவான கிளை என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. விலங்குக் கூடம் வேண்டாம், மின்முனை வேண்டாம், விலையுயர்ந்த நுணுக்குக்காட்டி வேண்டாம். இலவச மென்பொருளும் திறந்த தரவும் ஒரு மடிக்கணினியும் இருந்தால் போதும். ஆகவே பலாங்கொடையைத் தாண்டிப் பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலிருந்தும், இரத்தினபுரியில் இருக்கும் அதன் மருத்துவ பீடத்திலிருந்தும் ஒருவர் கலிபோர்னியாக்காரரோடு சரிசமமாக நிற்கலாம் என்பது வாதம். இதில் பாதி உண்மை என்றே தோன்றுகிறது. எந்தப் பாதி என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

முன்கூட்டிச் சொல்வதே சான்று

மாதிரிகளின் வரலாற்றில் யாரும் மறுக்காத வெற்றி ஒன்று உண்டு. ஆலன் ஹொட்ஜ்கினும் அண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் இராட்சத நரம்பிழையில் அளந்த மின்னோட்டங்களைச் சமன்பாடுகளாக்கி 1952இல் வெளியிட்டார்கள். சோடியமும் பொற்றாசியமும் தனித்தனி வழிகளில் மென்சவ்வைக் கடக்கின்றன, அந்த வழிகள் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திறந்து மூடுகின்றன என்பது அதன் சாரம். சமன்பாட்டைத் தீர்க்கக் கேம்பிரிட்ஜ் கணினி அப்போது கிடைக்கவில்லை. ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் பிரன்ஸ்விகா கணக்குப்பொறியில் உட்கார்ந்தார். நரம்பிழை வழியே ஓடும் ஒரேயொரு துடிப்பைக் கணக்கிட்டு முடிக்க மூன்று வாரமளவு பிடித்தது. கிடைத்த வேகம் அளந்த வேகத்துக்கு மிக அருகில் நின்றது.

அந்தச் சமன்பாட்டில் m, n, h என்று மூன்று எழுத்துகள் வருகின்றன. வாயில்போல் திறந்து மூடும் ஏதோ துணிக்கைகளை அவை குறிக்கலாம் என்று ஆசிரியர்கள் தயக்கத்தோடு எழுதினார்கள். அப்படியொன்றை அன்று எவரும் கண்ணால் கண்டதில்லை. 1976இல் நெஹரும் சக்மானும் ஒற்றை அயன் கால்வாயின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்தார்கள். 1998இல் ரொடரிக் மக்கின்னன் பொற்றாசியக் கால்வாயொன்றின் கட்டமைப்பையே படம்பிடித்தார். மாதிரி முதலில் சொன்னது, சோதனை பின்னால் வந்து சேர்ந்தது. மாதிரியின் தகுதிக்கு முன்கணிப்பே உரைகல் என்ற நிலைப்பாடு இங்கிருந்து பிறந்தது.

அதன் பலவீனம் அரை நூற்றாண்டு கழித்துத்தான் முழுதாகத் தெரியவந்தது. 2004இல் அஸ்ட்ரிட் பிரின்ஸ், டர்க் பூக்கர், ஈவ் மார்டர் மூவரும் ஓட்டுடலிகளின் இரைப்பையை இயக்கும் சிறிய நரம்புச் சுற்று ஒன்றை எடுத்தார்கள். அதற்கு ஹொட்ஜ்கின்–ஹக்ஸ்லி பாணியில் 2 கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் கால்வாய்களின் அளவும் இணைப்புகளின் பலமும் வேறுவேறு. உயிருள்ள விலங்கின் தாளத்தோடு பொருந்தியவற்றை மட்டும் பொறுக்கியபோது சுமார் நாலரை இலட்சம் தேறின. உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அமைப்புகள், வெளியே ஒரே தாளம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரிஷிகேஷ் நாராயணனின் குழு, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகம்பஸ் நரம்புக்கலங்களிலும் இதே தன்மையை விரிவாகக் காட்டிவருகிறது.

இதன் பொருள் எளிது, ஆனால் சங்கடமானது. தரவோடு பொருந்தும் ஒரு மாதிரியைக் காட்டி ‘இப்படித்தான் இயங்குகிறது’ என்று சொல்ல முடியாது. ‘இப்படியும் இயங்கலாம்’ என்பதோடு நிறுத்த வேண்டும். பொருத்தத்தை மட்டும் காட்டிப் பிரசுரமான மாதிரிக் கட்டுரைகளில் கணிசமானவை இந்த இரண்டாம் வகை என்றே கருத வேண்டியிருக்கிறது. தலைப்புகள் பெரும்பாலும் முதல் வகைபோல் எழுதப்படுகின்றன.

குறைவாகச் சொல்வதே விளக்கம்

இன்னொரு மரபு, விவரங்களைக் கழித்துக்கட்டுவதில் பெருமை கண்டது. 1943இல் மக்கலக்கும் பிட்சும் நரம்புக்கலத்தை ஆம்–இல்லை என்று மட்டும் சொல்லும் தருக்க அலகாக்கினார்கள். டேவிட் மார் 1969இல் சிறுமூளைக்கு ஒரு கோட்பாடு எழுதினார். அசைவுகளைக் கற்கும்போது குறிப்பிட்ட நரம்பிணைப்புகளின் பலம் மாற வேண்டும் என்றது அது. மாற்றம் நிகழத்தான் செய்கிறது, ஆனால் மார் சொன்ன திசைக்கு எதிர்த்திசையில் என்று ஜேம்ஸ் அல்பஸ் 1971இல் திருத்தினார். 1980களில் மசாவோ இத்தோவின் சோதனைகள் அல்பஸ் பக்கம் சாய்ந்தன. பிழையாகக் கணித்த கோட்பாடும் சரியான சோதனைக்கு வழிகாட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

ஜோன் ஹொப்ஃபீல்டின் 1982ஆம் ஆண்டுக் கட்டுரை இந்த மரபின் உச்சம். மிக எளிய அலகுகளின் வலையொன்று, துண்டு துணுக்கைக் கொடுத்தால் முழு நினைவையும் மீட்கும் என்று அது காட்டியது. 2024இல் ஜெஃப்ரி ஹின்டனோடு அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தபோது பலர் அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தார்கள். அதன் முகப்பில் கவனிக்கத்தக்க ஒரு குறிப்பு இருக்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழில் வந்த அக்கட்டுரையைக் கழகத்துக்கு வழங்கியவர் ஹொப்ஃபீல்டே என்று அது சொல்கிறது. கழகத்தின் உறுப்பினர்கள் தங்கள் கட்டுரையைத் தாங்களே வழங்கிப் பிரசுரிக்கும் உரிமை அன்று இருந்தது. பௌதிகவியலாளர் ஒருவர் மூளையைப் பற்றி எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை, வழமையான மதிப்பீட்டாளர்களிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பதில் பயனில்லை. ஆனால் மாதிரியின் வரலாறும் வாசலின் வரலாறும் பிரிக்க முடியாதவை என்பதற்கு அந்த ஒற்றை வரி போதும்.

சுருக்க மரபின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு, எதை விட்டுவிடலாம் என்பதை மாதிரிக்காரரின் இரசனையே தீர்மானிக்கிறது என்பது. அதற்கு இன்றுவரை முழுமையான மறுமொழி இல்லை.

எல்லாவற்றையும் உள்ளே வைப்போர்

விட்டுவிடுவதில்தானே தகராறு, ஒன்றையும் விடாமல் கட்டிவிட்டால் என்ன? 2005இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் ஹென்றி மார்க்ரம் தொடங்கிய புளூ பிரெயின் திட்டம் அதைத்தான் கேட்டது. பத்தாண்டில் மனித மூளையைக் கணினியில் கட்டலாம் என்று 2009இல் அவர் மேடையில் சொன்னார். 2015இல் செல் இதழில் வந்தது, எலியின் மூளைப் புறணியில் கன மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான துண்டு: சுமார் 31,000 நரம்புக்கலங்கள், 3 கோடி 70 இலட்சம் அளவு நரம்பிணைப்புகள், எண்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். இடையில் 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மனித மூளைத் திட்டம் பெரும் நிதியோடு ஆரம்பமானது. அடுத்த ஆண்டு யூலையிலேயே அதன் போக்கைக் கண்டித்துத் திறந்த கடிதம் ஒன்று வெளியாகி, நூற்றுக்கணக்கான நரம்பியலாளர்கள் கையெழுத்திட்டார்கள். திட்டத்தின் தலைமையும் இலக்கும் மாறின. 2023இல் அது முடிந்தபோது ஏறக்குறைய 60 கோடி யூரோ செலவாகியிருந்தது. கையில் மிஞ்சியது மனித மூளையின் மாதிரியன்று. வரைபடங்களும் மென்பொருளும் அவற்றைப் பகிரும் ஒரு தளமும்.

தோல்வி என்று ஒரே சொல்லில் முடிப்பது நியாயமாகாது. அந்த மென்பொருள்களை இன்று பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ‘எல்லாம்’ என்பதன் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. அளக்கப்பட்ட தரவு எப்போதும் சொற்பம். எஞ்சிய கோடிக்கணக்கான எண்களை விதிகளால் ஊகித்து நிரப்ப வேண்டும். ஊகம் மிகுந்த பெரிய மாதிரிக்கும் ஊகம் வெளிப்படையாகத் தெரியும் சிறிய மாதிரிக்கும் நடுவே எதை நம்புவது என்று கேட்டால், பின்னதை நம்பலாம் என்றே தோன்றுகிறது.

மார்க்ரமின் பெயர் இந்தக் கட்டுரையின் மறுபாதியான ஆய்விதழ்களின் கதையிலும் வருகிறது. அவரும் கமிலா மார்க்ரமும் 2007இல் ஃபிரன்டியர்ஸ் என்ற திறந்த அணுக்கப் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் இதழ்கள் நரம்பியலுக்கானவை. வாசகரிடம் சந்தா கேட்காமல் ஆசிரியரிடம் பிரசுரக் கட்டணம் வாங்கும் முறையில் அது உலகின் பெரிய பதிப்பகங்களில் ஒன்றாக வளர்ந்தது. 2015இல் நூலகர் ஜெஃப்ரி பீல் தம்முடைய ‘சூறையாடும் பதிப்பகங்கள்’ பட்டியலில் அதைச் சேர்த்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. பலர் அது அநியாயம் என்றார்கள். 2017 சனவரியில் பட்டியலே மறைந்துவிட்டது. எங்கே கோடு போடுவது என்பதில் ஒருமித்த கருத்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஈயின் மூளை, மடிக்கணினியில்

வட்டப்புழு ஒன்றின் 302 நரம்புக்கலங்களின் இணைப்பு வரைபடம் 1986இலேயே கிடைத்துவிட்டது. அந்தப் புழுவின் நடத்தையை முழுதாக விளக்கும் மாதிரி இன்னும் இல்லை. இணைப்பு தெரிந்தால் இயக்கம் தெரிந்துவிடும் என்போருக்கு எதிராக இது நெடுங்காலமாகக் காட்டப்படும் சான்று. 2017இல் எரிக் ஜோனாஸும் கொன்ராட் கோர்டிங்கும் இன்னும் குறும்பாக ஒன்று செய்தார்கள். பழைய வீடியோ விளையாட்டுகளை இயக்கிய 6502 என்ற சில்லுக்கு, இணைப்பு வரைபடம் முழுதும் தெரிந்த நிலையில், நரம்பியலாளர்களின் பகுப்பாய்வு முறைகளைப் பிரயோகித்தார்கள். சில்லு எப்படிக் கணக்கிடுகிறது என்பது அவற்றில் எதிலும் பிடிபடவில்லை.

ஆனால் 2024 ஒக்டோபரில் நிலைமை கொஞ்சம் அசைந்தது. பழ ஈயின் முழு மூளையின் இணைப்பு வரைபடம் நேச்சரில் வந்தது. ஏறக்குறைய 1,39,000 நரம்புக்கலங்கள், 5 கோடிக்கும் மேற்பட்ட நரம்பிணைப்புகள். அதே வேளையில் பிலிப் ஷியூவும் சகாக்களும் அந்த வரைபடத்தின் மீது ஒரு மாதிரியைக் கட்டினார்கள். ஒவ்வொரு நரம்புக்கலத்துக்கும் ஒரே எளிய சமன்பாடு. அது, சிற்சில மாற்றங்களோடு, 1907இல் லபீக் எழுதியதன் வழிவந்ததே. கலத்துக்குக் கலம் இருக்கும் வேறுபாடுகள் எதுவும் சேர்க்கப்படவில்லை. இருந்தும், இனிப்பை உணரும் கலங்களைத் தூண்டினால் உறிஞ்சுகுழலை நீட்டவைக்கும் கலங்கள் எவை என்று அது முன்கூட்டிச் சொன்னது. உயிருள்ள ஈக்களில் சோதித்தபோது கணிப்புகளில் பெரும்பாலானவை சரியாக இருந்தன. நிரல் திறந்த முறையில் கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினியில் ஓடும்.

மலிவான துறை என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய பலம் இல்லை. பெலிஹுல்ஓயாவில் அதை இறக்கி ஓடவிட எந்தத் தடையும் கிடையாது. ஆனால் வரைபடத்தை உருவாக்க எத்தனை ஆண்டுகள், எத்தனை இயந்திரங்கள், எத்தனை நூறு கைகள் உழைத்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மாதிரி மலிவு. அது நிற்கும் தரவு மலிவன்று. தரவை உற்பத்தி செய்வோர் எந்தக் கேள்விகளுக்காக உற்பத்தி செய்கிறார்களோ, அந்தக் கேள்விகளின் எல்லைக்குள்தான் மலிவான மாதிரியும் விளையாடும். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 இறுதியில் வெளியிட்ட ‘தரணி’ என்ற கருமூளை வரைபடத் தொகுப்பு இங்கே முக்கியமாகிறது. தாயின் வயிற்றில் நடு மூன்று மாதத்தில் இருக்கும் சிசுக்களின் மூளைகளைக் கலம் கலமாகக் காட்டும் 5,132 சீவல்கள் அதில் உள்ளன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அது மாதிரி அன்று, மாதிரிக்கு முந்திய பொருள். நமது பிராந்தியத்தில் அந்த முந்திய பொருளையே உற்பத்தி செய்ய முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. அதே ஐஐடியில் வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தியின் குழு பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய அடித்தள நரம்புத்திரள்களுக்கு நெடுங்காலமாக மாதிரிகள் கட்டிவருகிறது. ஜெனிசிஸ் என்ற ஆரம்பகால மாதிரி மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான உபிந்தர் பல்லா பெங்களூரில் இருந்து தொடர்ந்து பணியாற்றுகிறார். தெற்காசியாவில் இது புதிய துறை அல்ல.

ஆழ்கற்றல் வலையமைப்புகளையே மூளையின் மாதிரி என்று கொள்வோரும் உண்டு. படங்களை இனங்காணப் பயிற்றுவித்த வலைகள் குரங்கின் பார்வைப் புறணியில் உள்ள கலங்களின் மறுமொழிகளை நன்றாக ஊகிக்கின்றன என்று 2014இலிருந்து காட்டப்படுகிறது. மேலே சொன்ன நாலரை இலட்சத்தின் சிக்கல் இங்கே இன்னும் பெரிதாகத் திரும்பி வருகிறது. அந்த விவாதம் தனிக் கட்டுரைக்குரியது.

தாளில் அடங்காத பொருள்

மேற்கண்ட நிலைப்பாடுகள் எதுவானாலும் ஒன்றில் உடன்படும்: மாதிரி என்பது ஓடும் பொருள். பிறர் அதை ஓடவிட்டு, எண்களை மாற்றி, உடைத்துப் பார்த்தால்தான் அதன் தகுதி தெரியும். ஆய்விதழ் ஏற்பதோ பக்கங்களில் அச்சான விவரணையை. சமன்பாட்டில் ஒரு குறி மாறியிருந்தாலும், அட்டவணையில் ஓர் அலகு தவறியிருந்தாலும் மாதிரி வேறாகிவிடும். மதிப்பீட்டாளர்களில் எத்தனை பேர் நிரலை இறக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பது எவரும் உரக்கக் கேட்காத கேள்வி.

திருத்த முயற்சிகள் துறைக்குள்ளிருந்தே வந்தன. யேல் பல்கலைக்கழகத்தில் 1990களில் தொடங்கிய மொடல்டீபீ களஞ்சியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளின் நிரல்கள் உள்ளன. நிக்கொலா ரூஜியேயும் கொன்ராட் ஹின்சனும் 2015இல் தொடங்கிய ரீசயன்ஸ் இதழ், பழைய மாதிரிகளைப் புதிதாக எழுதிப் பார்த்த அறிக்கைகளை மட்டும் பிரசுரிக்கிறது. கட்டணம் கிடையாது. மதிப்பீடு பகிரங்கமாக நடக்கிறது. ஒருவர் எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட நிரல் ஓடுகிறதா என்பதே அங்கே பிரதானம். தூரத்துச் சிறிய பல்கலைக்கழகத்தில் இருக்கும் இளம் ஆய்வாளருக்கு, இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நேரான வாசல் இருப்பதாகத் தெரியவில்லை.

வாசல் கட்டணம்

மற்ற வாசல்கள் எப்படி? சந்தா முறையில் எழுதுவது இலவசம், வாசிப்பது விலை. கட்டண முறையில் வாசிப்பது இலவசம், எழுதுவது விலை. இந்த இரண்டில் எது நமக்கு நல்லது என்ற விவாதத்தில் இந்தியாவிலிருந்தே இரண்டு குரல்கள் எழுந்தன. சென்னையில் சுப்பையா அருணாசலம், ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளைத் தானே ஒரு களஞ்சியத்தில் இலவசமாக வைக்க வேண்டும் என்று பல்லாண்டுகளாக வாதாடினார். பெங்களூரின் ராகவேந்திர கதக்கர் 2008இல் நேச்சரில் எழுதிய கடிதத்தில், ஆசிரியர் பணம் கட்டும் முறை வளரும் நாடுகளுக்கு நன்மையைவிடத் தீமையே செய்யும் என்றார். வாசிக்க முடியாத நிலையைவிட எழுத முடியாத நிலை மோசமானது என்பது அவர் வாதத்தின் மையம். அப்போது மிகையாகத் தோன்றியிருக்கலாம். 2021இலிருந்து நேச்சர் குடும்ப இதழ்கள் பலவற்றில் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ என்று விலை அறிவிக்கப்பட்ட பிறகு அது மிகையாகத் தெரியவில்லை.

மூளை ஆய்வுக்குள்ளேயே நடந்த கலகம் ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எல்செவியர் வெளியிடும் நியூரோஇமேஜ், மூளைப் படிமத் துறையின் முன்னணி இதழ். 2023இல் அதன் கட்டணம் 3,450 டொலராக இருந்தது. குறைக்கக் கேட்டும் பதிப்பகம் இணங்காததால் அவ்வாண்டு ஏப்ரலில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாக விலகி, எம்ஐடி அச்சகத்தோடு புதிய இதழ் ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்குப் பாதிக்கும் சற்றுக் குறைவான கட்டணம் வைத்தார்கள்.

3,450 டொலர், டொலருக்கு 300 ரூபா வீதம் 10 இலட்சத்து 35 ஆயிரம் ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. வகுத்தால் 766 பேர்; தோட்டப் பேச்சில் ஒரு முழுநாள் வேலை ஒரு பேர். அரைப்பேர் ஒன்றும் விழாமல், ஞாயிறு தவிர எல்லா நாளும் வேலை கிடைத்து, இறாத்தலும் குறையாமல் கொழுந்து பறித்தால் ஏறக்குறைய இரண்டரை வருடச் சம்பளம். கட்டணத்தைத் தொழிலாளியா கட்டுகிறார், இந்த ஒப்பீடு எதற்கு என்று கேட்கலாம். இரக்குவானையிலோ தெரணியகலையிலோ ஒரு லயத்திலிருந்து வந்து விரிவுரையாளராகும் ஒருவர் மனதில் போடும் கணக்கு வேறெந்த அலகில் இருக்கும்?

சலுகை உண்டு என்பார்கள். உண்டு. பல பதிப்பகங்கள் உலக வங்கியின் வருமான வகுப்பைப் பார்த்துத் தாழ் வருமான நாடுகளுக்கு முழு விலக்கும், தாழ்–நடுத்தர வருமான நாடுகளுக்கு விண்ணப்பித்தால் பாதி விலக்கும் தருகின்றன. சந்தாவும் கட்டணமும் கலந்த இதழ்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை. இலங்கை 2019 யூலையில் உயர்–நடுத்தர வருமான நாடாக ஏற்றப்பட்டது. 2020 யூலையில் மீண்டும் இறக்கப்பட்டது. இடையில் எந்த ஆய்வுகூடத்துக்கும் பணம் கூடிவிடவில்லை. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்து, டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, பாதி விலக்குக்குப் பிறகு மிஞ்சிய தொகையும் ரூபாவில் ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு. நாட்கணக்கில் ஓட வேண்டிய உருவகப்படுத்தலை நடத்துகிறவருக்கு அது என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வாசிப்புப் பக்கத்தில் இந்தியா 2025இலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபா ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை அரச கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அவ்வளவு பணம் இல்லாத நாடுகளுக்கு வேறு வழி, இலத்தீன் அமெரிக்காவில் 1997இலிருந்து சியெலோ காட்டியது: எழுதுவோரும் வாசிப்போரும் பணம் கட்டாத, பொது நிதியில் நடக்கும் இதழ்கள். இலங்கையிலும் 2008இலிருந்து உள்ளூர் இதழ்களை ஒரே இடத்தில் திறந்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. 1887இல் தொடங்கிய சிலோன் மெடிக்கல் ஜேர்னலும் தேசிய விஞ்ஞான மன்றத்தின் இதழும் அதில் கிடைக்கின்றன. இவ்விதழ்களின் குறை தரத்தில் இல்லை. மூளை மாதிரி போன்ற குறுகிய துறைக்கு உள்நாட்டில் மதிப்பீட்டாளர்கள் மிகச் சிலர். ஒருவர் கட்டுரையை மற்றவர் பெயர் பார்க்காமலே இனங்கண்டுவிடுவார்.

மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடும் முன்பதிப்புகள் இருக்கின்றன. ஆர்கைவ் 1991இலிருந்தும் பயோஆர்கைவ் 2013இலிருந்தும் காசில்லாமல் ஏற்கின்றன. மாதிரி ஆய்வாளர்கள் இவற்றை விரைவில் பழகிக்கொண்டார்கள். இன்னும் ஓரடி போய், ஈலைஃப் இதழ் 2023இலிருந்து ஏற்பு–நிராகரிப்பு என்ற தீர்ப்பையே கைவிட்டு மதிப்பீடுகளை மட்டும் கட்டுரையோடு வெளியிடுகிறது. 2024 பிற்பகுதியில் கிளாரிவேட் நிறுவனம் அதை அட்டவணைப்படுத்துவதைக் குறைக்க, மேற்கோள்களை எண்ணி இதழுக்குத் தரும் மதிப்பெண்ணான தாக்கக் காரணி அதற்குப் போயிற்று.

எண்ணப்படுவது எது

தாக்கக் காரணி போனால் என்ன என்று ஹார்வர்ட் பேராசிரியர் கேட்கலாம். இங்கே கேட்பது கடினம். பேராசிரியர் பதவிக்கான புள்ளித்திட்டத்தை வகுத்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2009ஆம் ஆண்டு 916ஆம் இலக்கச் சுற்றறிக்கை ஆகட்டும், இந்தியாவின் இதையொத்த விதிகள் ஆகட்டும், ஆய்வைப் பொறுத்தவரை எண்ணும் முதன்மை அலகு கட்டுரை. நல்ல எண்ணத்தோடு வந்த ஏற்பாடுதான். ஆள் தெரிந்து கொடுக்கும் பதவியைவிட எண்ணிக் கொடுக்கும் பதவி நியாயமானது என்று வாதிட இடமுண்டு. ஆனால் எண்ணுகிற இடத்தில் எண்ணிக்கைக்குச் சந்தை முளைக்கும். 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜோன் பொஹனன் வேண்டுமென்றே பிழைகள் நிரப்பிய போலிக் கட்டுரையை 304 கட்டண இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன. அத்தகைய இதழ்களுக்கு எழுதுவோரை ஏமாளிகள் என்பது வழக்கம். நேச்சரின் கட்டணத்தில் நூறில் ஒரு பங்குக்குக் கட்டுரையும் புள்ளியும் கிடைக்குமென்றால், அதை ஏமாளித்தனம் என்பதைவிடக் கணக்கு என்பதே பொருந்தும்.

அத்தோடு, வாசலுக்கு வருமுன்பே வடிகட்டல் நடந்துவிடுகிறது என்பதை மறக்கலாகாது. பல்கலைக்கழக அனுமதியில் இரத்தினபுரி பின்தங்கிய மாவட்டமாக ஏற்கப்பட்டது, கேகாலை அப்படியல்ல. இரண்டு மாவட்டத் தோட்டப் பிள்ளைகளுக்கும் தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை அரிது. இந்த மண்ணிலிருந்து ஒரு மூளை மாதிரி வரவேண்டுமானால் முதல் தடை எல்செவியர் அல்ல, பதினோராம் வகுப்புக்குப் பின் எங்கே போவது என்பது.

எஞ்சி நிற்பவை

மாதிரியின் தகுதிக்கு முன்வைக்கப்பட்ட உரைகற்களில், முன்கணிப்பு வலுவானது ஆனால் தனித்துப் போதாது. முழுமை இதுவரை கைகூடவில்லை. சுருக்கம் இரசனையைச் சார்ந்தது. பிறர் எடுத்து ஓட்டி, தங்கள் கேள்விக்குப் பயன்படுத்த முடிகிறதா என்பது இப்போதைக்கு மிகக் குறைந்த பிழையுள்ள உரைகல் என்று சொல்லலாம். செலவு குறைந்ததும் அதுவே. ஆனால் நிரல் ஓடுவதால் மாதிரி உண்மையாகிவிடாது. பிழையான மாதிரியும் பிசகின்றி ஓடும். ஆகவே மறுபயன்பாடு அறிவின் அடையாளமா, வசதியின் அடையாளம் மட்டுமா என்பது திறந்தே கிடக்கிறது.

அதை எப்படி எண்ணுவது என்பதும் தீரவில்லை. டோபியாஸ் பொட்ஜன்ஸும் மார்க்குஸ் டீஸ்மனும் 2014இல் வெளியிட்ட புறணிச் சுற்று மாதிரியில் சுமார் 77,000 நரம்புக்கலங்கள் உண்டு. நிரலைத் திறந்து வைத்ததால் பலர் அதைத் தங்கள் மாதிரிகளுக்கு அடித்தளமாக்கினார்கள். மூளையைப் பின்பற்றும் கணினிச் சில்லுகளைப் பரிசோதிக்கும் பொது அளவுகோலாகவும் அது ஆனது. அந்தப் பயன்பாடு திரள ஆண்டுகள் பிடித்தன. பதவி உயர்வு விண்ணப்பம் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. கட்டுரை வெளியான மறுநாளே புள்ளி தருகிறது, மாதிரி பத்தாண்டு கழித்துத் தருகிறது. இந்த இடைவெளியை நிரப்ப இதுவரை முன்மொழியப்பட்ட அளவைகள், பதிவிறக்கங்களை எண்ணுவதாகட்டும் நிரலுக்குத் தனி அடையாள எண் கொடுப்பதாகட்டும், எதுவும் இலங்கையின் எந்தப் புள்ளித்திட்டத்திலும் கட்டுரைக்குச் சமமான இடத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை.